வங்கி கவுன்டரில் இருந்த அந்த அக்காவுக்கு நன்றி

ஊர்க்காரர்கள் நூறும் ஐந்நூறுமாகத் தந்து சேர்ந்த உதவித்தொகை அது. கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. பிள்ளைகளின் கணக்குப் பட்டியலை வாங்கி, அப்படியே பணத்தை அனுப்பியிருக்கலாம் நீங்கள். யாரும் கேட்காமலே வரி வரியாகப் பார்த்தீர்கள் அக்கா.

வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறையில் பணம் கணக்கு எண்ணை வைத்துத்தான் ஏறும், ஓர் இலக்கம் மாறினாலும் வேறு யார் கணக்கிலாவது போய் விழலாம் என்று சொல்லி, பாஸ்புக் நகலில் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டீர்கள். 2020 வங்கி இணைப்புக்கு முந்தைய பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகளை, அதாவது வங்கிக் கிளைக்கான குறியீடுகளைச், சிவப்பு மையால் சுழித்தீர்கள். முக்கியமானது, முடங்கிய கணக்குகள். இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவே இல்லையென்றால் பணம் ஏறினாலும் பிள்ளையால் எடுக்க முடியாது. முதலில் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரி விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள் என்று அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். இதை முன்கூட்டியே சொல்பவர்கள் அபூர்வம்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை கிடைக்காது என்று நீங்கள் சொன்னதை நன்கொடையாளர்களுக்கும் சொல்லிவிட்டோம்.

உங்கள் பெயர் தெரியவில்லை. இதைப் பார்த்தால் தெரிந்துகொள்ளுங்கள் அக்கா, எல்லாப் பிள்ளைகளும் நேரத்துக்குக் கட்டணம் கட்டிவிட்டார்கள்.