கல்ச்சர் முடிவுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீர்த் தொற்று பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த வாசகி ஒருவர், கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, அதன் முடிவு வர ஏன் இரண்டு மூன்று நாள் ஆகிறது என்று கேட்டிருந்தார். ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கிருமி வளர வேண்டும். அப்புறம் அது எது என்று பார்க்க வேண்டும். அதற்கான சோதனைகளில் ஒன்று சிட்ரேட் சோதனை. எலுமிச்சையில் இருக்கிற அதே சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் சிட்ரேட். இதற்கென 1926-இல் சிம்மன்ஸ் வகுத்த அகார், அதாவது கிருமி வளர்க்கும் கூழ், பச்சையாக இருக்கும். அதில் சிட்ரேட்டைத் தவிர வேறு கார்பன் உணவு கிடையாது. சிட்ரேட்டை உண்டு வளரும் கிருமி அதை நீலமாக்கும். கிருமியைக் கம்பியால் தொட்டு அதன்மேல் லேசாகக் கீறி 37 டிகிரியில் வைத்தால், கிளெப்சியெல்லா என்ற கிருமி பெரும்பாலும் மறுநாளே குழாயை நீலமாக்கிவிடும். ஈ.கோலை என்ற கிருமி வளராது, பச்சை அப்படியே நிற்கும். காற்று இருக்கும்போது சிட்ரேட்டை உள்ளே இழுக்க அதற்கு வழியில்லை. டைபாய்டு கிருமியும் பச்சைதான், அதன் சால்மோனெல்லா உறவுகளில் பல நீலம். கிருமியை அள்ளித் தடவினால் பொய்யாக நீலம் காட்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைச் செய்துவிட்டு முழிப்பார்கள்!

சரி, ஒரு வேண்டுகோள். பலர் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மாதிரி கொண்டுவருகிறார்கள். கிருமி வளராவிட்டால் நாங்கள் எதைச் சோதிப்பது? மாத்திரை தொடங்கும் முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடச் சொல்லி, அடுத்த கட்டுரையில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
திண்டுக்கல்.