கிரான் 4 என்.பி.சி.யின் கிளை அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். சான்பிரான்சிஸ்கோவில் என்.பி.சி. என்ற தொலைக்காட்சி நிறுவனம் 'தன் கிளையான கிரான் நிலையத்தை 2002-ல் கைகழுவியது' என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால் அந்த வரி உறுத்தியது. கிரான் ஒருநாளும் என்.பி.சி.யின் சொத்தாக இருந்ததில்லை. அதை வாங்க ஆசைப்பட்டு என்.பி.சி. தோற்றது. அதில்தான் கதையே ஆரம்பமாகிறது.

நமக்கு இது சட்டென்று பிடிபடாது என்பது உண்மைதான். அந்தக் காலத்தில் சென்னைத் தொலைக்காட்சி 'தில்லி அஞ்சல்' என்று தில்லி நிகழ்ச்சிகளுக்கு மாறினாலும் இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். அங்கே என்.பி.சி. போல நாடு முழுவதற்கும் நிகழ்ச்சிகளை வழங்கும் நெட்வொர்க்குகள் பெரிய நகரங்களில் சில நிலையங்களைச் சொந்தமாக வைத்திருக்கும். மற்ற ஊர்களில் நம் பெட்ரோல் பங்க் கணக்குதான்: நடத்துபவர் ஒருவர், மேலே தொங்கும் போர்டு இன்னொருவருடையது. ஒளிபரப்பு உரிமமும் ஸ்டூடியோவும் உள்ளூர்ச் செய்திப் பிரிவும் நிலையத்தாருடையவை. இரவுத் தொடர்களும் தேசியச் செய்திகளும் நெட்வொர்க்கிலிருந்து வரும். தன் நிகழ்ச்சிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருவதற்காக நெட்வொர்க்தான் நிலையத்துக்குப் பணம் கொடுக்கும் என்பது அப்போது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

கிரான் 1949 நவம்பர் 15 அன்று 4-ம் சேனலில் தொடங்கியது. முதலாளி, சான்பிரான்சிஸ்கோ கிரானிகல் நாளிதழை நடத்திய நிறுவனம். பெயரும் அங்கிருந்து வந்ததுதான். முதல் நாளிலிருந்தே என்.பி.சி.யோடு உறவு. ஆனால் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய உறவு அல்ல. 1992-ல் கிரானும், சி.பி.எஸ். என்ற இன்னொரு நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளைக் காட்டிய கேபிக்ஸ் நிலையமும், இரவு 8 மணி நிகழ்ச்சிகளை 7 மணிக்கே தொடங்கிப் பார்த்தன. சீக்கிரம் படுக்கப் போகிற ஊர் என்று காரணம் சொன்னார்கள். கிளை மேலாளர் ஒருவர் தலைமையகத்தின் கடிகாரத்தை இப்படித் திருப்பிவைக்க முடியுமா?

1999-ல் கிரானிகல் குடும்பத்தார் சொத்துகளை விற்க முடிவு செய்தார்கள். நாளிதழ் 66 கோடி டாலருக்கு ஹெர்ஸ்ட் நிறுவனத்திடம் போனது. நிலையத்துக்கு என்.பி.சி. போட்டியிட்டது. கடைசியில் யங் பிராட்காஸ்டிங் என்ற நிறுவனம் ரொக்கமும் பங்குகளுமாக 82 கோடியே 30 லட்சம் டாலருக்கு அதைத் தட்டிச் சென்றது. ஒற்றை நிலையத்துக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. நூறாண்டு தாண்டிய நாளிதழைவிட ஐம்பது வயது நிலையத்துக்கு விலை கூடுதல் என்பதைக் கவனியுங்கள். அந்த விலையில் பெரும்பங்கு 'என்.பி.சி.' என்ற போர்டுக்கானது. அந்தப் போர்டோ விற்றவர் கையிலும் இல்லை, வாங்கியவர் கையிலும் இல்லை!

ஏலத்தில் தோற்ற என்.பி.சி. அடுத்து நிபந்தனைகளோடு வந்தது. இனி நாங்கள் பணம் தரமாட்டோம், நீங்கள்தான் ஆண்டுக்கு 1 கோடி டாலர் தர வேண்டும், பெயரை 'என்.பி.சி. 4' என்று மாற்ற வேண்டும். எங்கள் நிகழ்ச்சிகளை நினைத்தபடி தள்ளிவைக்கக் கூடாது. யங் மறுத்தது. பக்கத்து ஊரான சான் ஹோசேயில் 11-ம் சேனலில் இருந்த கே.என்.டி.வி.யின் உரிமையாளரான கிரானிட் நிறுவனம், ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 70 லட்சம் டாலர் தருகிறோம் என்று முன்வந்தது. 2001 டிசம்பர் 31-ஓடு கிரானின் 52 ஆண்டு உறவு முடிந்து, என்.பி.சி. நிகழ்ச்சிகள் 11-க்குப் போயின. பழக்கதோஷத்தில் 4-ஐ அழுத்திவிட்டு, அப்புறம் 11-க்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் பல மாதம் நீடித்தது. கே.என்.டி.வி.யின் கோபுரம் தெற்கே லோமா பிரீட்டா மலையில் இருந்ததால் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடபகுதியில் ஆன்டெனா வைத்திருந்தவர்களுக்குப் படம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 2005-ல் கோபுரத்தை சான் புரூனோ மலைக்கு மாற்றிய பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

நெட்வொர்க்கைப் பகைத்தால் அழிவுதான் என்று உங்கள் கட்டுரை சொல்லாமல் சொல்கிறது. சரி, யங் அடிவாங்கியது உண்மை. கடன் நெருக்கியதால் 2002-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த தன் நிலையத்தை வயாகாம் என்ற ஊடக நிறுவனத்துக்கு விற்றது. 2009 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. என்னைக் கேட்டால், அந்தக் குழியை முதலில் வெட்டியது யங் கொடுத்த விலைதான். பணிந்துபோன கிரானிட்டின் கதையையும் சேர்த்துச் சொன்னால்தானே நியாயம்? அந்த ஒப்பந்தச் சுமையைத் தாங்க முடியாமல், மாற்றம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே கே.என்.டி.வி.யை என்.பி.சி.யிடமே 23 கோடி டாலருக்கு விற்க ஒத்துக்கொண்டது. 2006-ல் கிரானிட்டும் திவால். கிரானுக்கு யங் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் அதே வட்டாரத்தில் என்.பி.சி.க்கு ஒரு நிலையம் கிடைத்துவிட்டது.

கிரான் அழிந்ததா என்றால், அதுவும் இல்லை. வெறுமையான நேரத்தை உள்ளூர்ச் செய்தியால் நிரப்பியது. 2005-ல் நிருபர்களே கேமராவைத் தூக்கிப் படம் பிடித்து, தாங்களே தொகுக்கும் முறைக்கு மாறியது. செலவைக் குறைக்கச் செய்த வேலை என்று பலர் திட்டினார்கள், நானும்தான். இன்று கைப்பேசியோடு அலையும் நம் நிருபர்களைப் பார்க்கும்போது அந்தத் திட்டைக் கொஞ்சம் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது. 2006-ல் மைநெட்வொர்க் டிவி என்ற புது நெட்வொர்க்கில் சேர்ந்தது. உரிமை 2013-ல் மீடியா ஜெனரல் நிறுவனத்திடமும் 2017-ல் நெக்ஸ்டார் நிறுவனத்திடமும் போனது.

கட்டுரையில் விட்டுப்போன கடைசி அத்தியாயம் ஒன்று உண்டு. 2022-ல் சி.டபிள்யூ. நெட்வொர்க்கின் 75 விழுக்காட்டுப் பங்கை நெக்ஸ்டார் வாங்கியது. 2023 செப்டம்பர் 1 முதல் கிரான் அந்த நெட்வொர்க்கின் நிலையம். இப்போது பெட்ரோல் பங்க்கும் போர்டும் ஒரே முதலாளி கையில். இன்று கிரானைக் கிளை என்று நீங்கள் எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அது என்.பி.சி.யின் கிளை அல்ல. அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
ஸ்ரீரங்கம்