உளவாளியின் துப்பாக்கியும் உளவாளியின் நாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், உளவாளிகளை நாயகர்களாகக் கொண்ட வீடியோ கேம்கள், துப்பாக்கியின் விசையை அழுத்துவதற்கு மேல் ஆட்டக்காரரிடம் எதையும் கேட்பதில்லை என்று எழுதப்பட்டிருந்தது. இந்த வகையில் வரும் பல கேம்களுக்கு அது பொருந்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டதை ஏற்க இயலவில்லை. 2010ஆம் ஆண்டு அப்சிடியன் என்ற அமெரிக்க நிறுவனம் உருவாக்கி, செகா நிறுவனம் வெளியிட்ட ‘ஆல்பா புரோட்டோகால்’ என்ற ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேமை, அதாவது சண்டையிட்டபடியே ஒரு பாத்திரத்தை ஏற்று அதன் திறன்களை வளர்த்துச் செல்லும் கேமை, விளையாடிப் பார்த்த எவரும் அவ்வாறு எழுதியிருக்க மாட்டார்கள் என்பதே என் கருத்து.

கதை வழக்கமானதுதான். பயணிகள் விமானம் ஒன்று ஏவுகணையால் வீழ்த்தப்படுகிறது. அதை விசாரிக்க மைக்கேல் தார்ட்டன் என்ற இளம் அமெரிக்க உளவாளி சவூதி அரேபியாவுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே, குற்றத்தில் ஹால்பெக் என்ற ஆயுத நிறுவனத்துக்கும் பங்குண்டு என்பது தெரியவர, தன் சொந்த அமைப்பாலேயே கைவிடப்படுகிறார். அதன் பிறகு மாஸ்கோ, ரோம், தைபே ஆகிய மூன்று நகரங்களில் எதற்கு முதலில் செல்வது, எதை இறுதிக்கு வைத்துக்கொள்வது என்பதை ஆட்டக்காரரே முடிவு செய்கிறார்.

இந்த கேமின் உயிர் உரையாடலில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒரு நேரக்கோடு சுருங்கத் தொடங்கும். அது தீர்வதற்குள், நயமாகப் பேசுவதா, தொழில்முறைக் கண்டிப்புடன் பேசுவதா, மிரட்டுவதா என்று தேர்ந்தெடுத்துவிட வேண்டும். தயங்கினால் கேமே ஒரு பதிலை எடுத்துக்கொண்டு மேலே சென்றுவிடும். எல்லாரிடமும் இனிக்கப் பேசித் தப்பித்துவிடலாம் என்று எண்ணுபவரை இது விரைவிலேயே திருத்திவிடுகிறது. குழைந்து பேசுபவர்களைக் கண்டாலே எரிச்சலடையும் பாத்திரங்கள் உண்டு; மிரட்டினால்தான் மதிக்கும் பாத்திரங்களும் உண்டு. யாரிடம் எப்படிப் பேசினால் எடுபடும் என்பதை, அவர்களைப் பற்றிச் சேகரிக்கும் கோப்புகளையும், மறைவிடத்தில் இருக்கும் கணினிக்கு வரும் மின்னஞ்சல்களையும் பொறுமையாகப் படித்துத்தான் ஊகிக்க முடியும். உளவுத் தொழிலின் பெரும்பகுதி படிப்பதும் கேட்பதும்தான் என்பதை இவ்வளவு இயல்பாக உணர்த்திய கேமை நான் வேறு கண்டதில்லை.

நான் மிகவும் ரசித்த நுட்பம் ஒன்று உண்டு. ஒருவரின் நட்பைப் பெற்றால் எப்படி ஒரு பலன் கிடைக்கிறதோ, அப்படியே ஒருவரின் வெறுப்பைச் சம்பாதித்தாலும் வேறொரு பலன் கிடைக்கலாம். ஆகவே சரியான பதில் இது, தவறான பதில் அது என்று மதிப்பெண் போடும் பள்ளிக்கூட வாசனை இதில் இல்லை. நினைத்த இடத்தில் ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டு, பேச்சு பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மீண்டும் பேசும் வசதியும் இல்லை. செக்பாயிண்ட் எனப்படும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கேம் தானாகவே சேமித்துக்கொள்வதால், வாயிலிருந்து வந்த சொல்லின் விளைவோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முடிவுகளும் அவ்வாறே. சவூதியில் ஆயுதக் குழுவின் தலைவன் அலி ஷஹீதைப் பிடித்த பிறகு அவனைக் கொல்லலாம், கைது செய்யலாம், விட்டும் விடலாம். எதைச் செய்தாலும் கதை அதை மறப்பதில்லை. ரோமில் நிலைமை இன்னும் கடுமையானது. பழகிய பெண்ணொருத்தி பிணையாகப் பிடிபட்டிருக்க, மறுபுறம் அருங்காட்சியகத்தில் குண்டுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் காப்பாற்றும் வழியை கேம் தரவே இல்லை. எந்தத் துப்பாக்கி கையில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் ஒரு பொருட்டே அல்ல.

குறைகளை மறைத்து எழுதினால் அது விளம்பரமாகிவிடும். சண்டைப் பகுதியில் இந்த கேம் சறுக்குகிறது. பாத்திரத்தின் திறன்களை வளர்க்க நாம் செலவழிக்கும் புள்ளிகளே குறியைத் தீர்மானிப்பதால், தொடக்கத்தில் எதிரியின் தலைக்கு நேராகக் குறிவைத்துச் சுட்டாலும் குண்டு விலகிப்போகும். அருகில் நிற்கும் காவலாளிகளின் புத்தியோ சில வேளைகளில் சிரிப்பை வரவழைக்கும். மாஸ்கோவில் பிரைகோ என்ற ரவுடித் தலைவனுடன் நடக்கும் மோதலை விளையாடியவர் யாரும் மறக்க மாட்டார்கள். ஒளிந்து செல்வதிலும் பிறர் கணினிகளுக்குள் ஊடுருவுவதிலும் தன் புள்ளிகளையெல்லாம் செலவழித்தவர், அந்த அறையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். எப்படியும் வளர்க்கலாம் என்று சொல்லிப் பாத்திரத்தை ஆட்டக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, நேருக்கு நேர் மோதினால்தான் வழி என்று பாதியில் கதவைச் சாத்துவது வடிவமைப்பின் பிழையே. வெளியான காலத்தில் விமர்சகர்கள் இதையெல்லாம் சுட்டிக்காட்டினார்கள். விற்பனையும் எதிர்பார்த்தபடி அமையாததால் இரண்டாம் பாகத்தை செகா கைவிட்டது. சண்டையைக் கொண்டு எடைபோட்டவர்களுக்கு இது சுமாரான கேமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. தங்கள் கட்டுரையாளரும் அதே தராசைத்தான் கையில் எடுத்திருக்கிறார்.

திரைப்படத்துக்கு விமர்சனம் எழுதும்போது சண்டைக் காட்சிகளை மட்டும் பார்த்துவிட்டு எவரும் எழுதுவதில்லை. கதை, வசனம், பாத்திரப் படைப்பு என அனைத்தையும் பார்த்தே எழுதுகிறார்கள். பல மணி நேரம் நீளும் ஒரு கேமைப் பற்றி எழுதுபவரும் அதை முழுவதும் விளையாடி, இயன்றால் வேறு முடிவுகளை எடுத்து மறுமுறையும் விளையாடிப் பார்த்த பின்பே எழுத வேண்டும் என்று கேட்பது மிகையல்ல. ‘ஆல்பா புரோட்டோகால்’ போன்றவற்றில் இரண்டாம் முறைதான், முதல் முறை நாம் காணாமல் விட்ட உரையாடல்கள் எத்தனை என்பது விளங்குகிறது. வருங்காலத்தில் இவ்வகைக் கட்டுரைகளைத் தாங்கள் வெளியிடும்போது இதைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தேடிப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு தகவல். இசைக்கான உரிமம் காலாவதியானதால் 2019இல் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்ட இந்த கேம், 2024 மார்ச் மாதத்திலிருந்து ஜிஓஜி என்ற இணைய கேம் விற்பனைத் தளத்தில் மீண்டும் விற்கப்படுகிறது. பழைய கேம் என்பதால் இதற்கு விலை உயர்ந்த கணினி தேவைப்படாது. வன்முறையும் போதைப்பொருள் பற்றிய குறிப்புகளும் இருப்பதால், அமெரிக்கத் தரச்சான்று அமைப்பு இதை 17 வயது நிரம்பியவர்களுக்கு உரியதாகவே வகைப்படுத்தியிருக்கிறது என்பதைப் பெற்றோர் கவனிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்
சேலம்