மூன்று காய்கள் எட்டில்

அன்புள்ள மகளுக்கு,

பகடை உருட்டி ஆடும் நம் பேக்கமனுக்குக் காய் அடுக்கி நீ அனுப்பிய போட்டோ வந்தது. வீட்டுப் பகுதி இடது பக்கம் வந்துவிட்டதே, பலகையைத் திருப்பி வைத்துவிட்டேனா என்று கேட்டிருந்தாய். இல்லை. பேக்கமனில் வீடு, அதாவது காய்களை வெளியேற்றுமுன் கொண்டு சேர்க்கும் ஆறு முக்கோணங்கள், இடது பக்கமும் இருக்கலாம், வலது பக்கமும் இருக்கலாம். வெளிச்சம் வரும் பக்கம் வீடு இருக்கட்டும் என்பது பழைய வழக்கம். உன் வீடும் எதிராளி வீடும் நேரெதிராக இருந்தால் போதும்.

ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. பலகையை இரண்டாகப் பிரிக்கும் நடுச் சட்டத்துக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல மூன்று காய்களை அடுக்கியிருக்கிறாய். அது உன் தப்பு இல்லை, என்னுடையது. சின்ன வயதில் உனக்கு நான்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். போன மாதம் ஒருவரோடு ஆட உட்கார்ந்தேன். நான் அடுக்கி முடித்ததும் அவர் ஒன்றும் சொல்லாமல் அந்த மூன்றையும் ஒரு முக்கோணம் தள்ளி வைத்தார். இத்தனை வருஷமாகவா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சரி, இப்போது திருத்திக்கொள். உன் வீட்டின் ஓரத்து முக்கோணத்தை ஒன்று என்று வைத்து எண்ணு. ஆறாவதில், அதாவது சட்டத்துக்கு உள்பக்கம், ஐந்து காய். ஏழு காலி. எட்டில் மூன்று. பன்னிரண்டோடு உன் பக்கம் முடிகிறது. அதற்கு நேர் எதிரே இருப்பது பதின்மூன்று, அங்கே ஐந்து. மிச்சம் இரண்டும் எதிராளி வீட்டின் கடைசி மூலையில், இருபத்துநான்கில். மொத்தம் 15. எதிராளி காய்கள் கண்ணாடியில் தெரிவது போல: உன் ஐந்துக்கு எதிரே ஐந்து, மூன்றுக்கு மூன்று, இரண்டுக்கு இரண்டு. முக்கோணங்கள் நிறம் மாறி மாறி வருவதால், உன் ஆறும் எட்டும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். ஒரு பார்வையில் சரிபார்க்க இதுவே போதும்.

இரண்டு பேருமே தப்பாக அடுக்கியதால் யாருக்கும் நஷ்டமில்லை, அதனால்தான் நமக்குத் தெரியாமலே போயிற்று. எல்லாக் காய்களும் வெளியேற நகர வேண்டிய தூரம் ஆளுக்கு மொத்தம் 167 முக்கோணம். நாம் ஆடியது 164-ல்.

அந்த மூன்று முக்கோண வித்தியாசம் போனால் போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு. முதல் வீச்சில் மூன்றும் ஒன்றும் விழுந்தால் எட்டிலிருந்து ஒரு காய், ஆறிலிருந்து ஒரு காய், இரண்டும் ஐந்தாவதில் சேர்ந்து உட்காரும். இரண்டு காய் சேர்ந்த இடத்தில் எதிராளி இறங்க முடியாது, வீட்டுக்குள் அருமையான ஒரு தடுப்பு. நம் அடுக்கில் ஏழிலிருந்து மூன்று நகர்ந்தால் நாலில் போய்த் தனியாக நிற்கும். 'இந்த வீச்சு எதற்கும் உதவாது' என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! பகடையைத் திட்டியதுதான் மிச்சம்.

அப்புறம், பெட்டியில் எண் போட்ட ஒரு பெரிய கட்டை இருக்குமே, அதைப் பகடை என்று உருட்டிவிடாதே. பந்தயத்தை இரட்டிப்பாக்க வைத்திருப்பது. 64 மேலே தெரிய நடுச் சட்டத்தில் வைத்துவிடு, இப்போதைக்கு அதைத் தொட வேண்டாம்.

காய்களை மாற்றி வைத்து இன்னொரு போட்டோ அனுப்பு. நீ வரும்போது முதல் ஆட்டத்திலிருந்து புதுக் கணக்கு. பழைய தோல்விகளை நான் கணக்கில் சேர்ப்பதாக இல்லை.

அன்புடன்,
அம்மா