சிவனொளிபாத மலைக்கு ஒரே இரவில் போய்த் திரும்ப வேண்டாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் போயா (பௌர்ணமி) தினத்தில் தொடங்கி, மே மாத வெசாக் போயாவுடன் நிறைவுறுவது வழமை. இக்காலத்தில் வெள்ளிக்கிழமை மாலையானால் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வான் வண்டியில் புறப்படும் குடும்பங்கள், இரவோடிரவாக மலையேறிச் சூரியோதயம் கண்டு, சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும் என்றே திட்டமிடுகின்றன. இந்த அவசர ஏற்பாடுதான் மலையில் பலரை விழுத்துகிறது என்பது, ஒன்பது தடவை அங்கு ஏறி இறங்கியவள் என்ற முறையில் எனது உறுதியான கருத்து.

கடந்த தடவை அறுபத்திரண்டு வயதான என் அக்காவையும் அழைத்துக்கொண்டு அவ்வாறுதான் சென்றேன். பகல் முழுவதும் வேலை செய்துவிட்டு, வானில் ஐந்தாறு மணித்தியாலம் குந்தியிருந்து, கண்ணயராமலே நல்லதண்ணியில் இறங்கி நடக்கத் தொடங்கினோம். காலை எட்டரை மணிக்குள் வானடிக்கு வந்துவிட வேண்டும் என்று பயண ஏற்பாட்டாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏறும்போது அக்காவுக்கு ஒரு குறையுமில்லை. இறங்கும்போது, மகாகிரிதம்ப என்னும் செங்குத்தான பகுதியைக் கடந்து, இனிப் பயமில்லை என்று நாங்கள் நினைத்த இடத்தில், பனியில் நனைந்திருந்த படியொன்றில் கால் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். முழங்கால்கள் நடுங்குகின்றன என்று அரை மணித்தியாலத்துக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். நேரமாகிறது, கொஞ்சம் சமாளியுங்கள் என்று அவசரப்படுத்தியவள் நான். அந்த வார்த்தை இன்றும் என்னை உறுத்துகிறது.

நல்லதண்ணி வழியில் ஏறத்தாழ 5,500 படிகள் உள்ளன. மலையின் உயரம் 2,243 மீற்றர். அடிவாரத்திலிருந்து சுமார் ஆயிரம் மீற்றர் உயரம் ஏற வேண்டியிருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்குகிறது, ஆகவே ஏற்றமே கடினம் என்று எல்லோரும் எண்ணுகிறோம். ஆனால் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உடலின் முழுப் பாரத்தையும் தொடைத் தசைகள் நீண்ட நிலையில் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், தசை நார்கள் அதிகம் சேதமடைவது அப்போதுதான். கால் நடுக்கம் என்பது தசை இனித் தாங்காது என்று விடுக்கும் எச்சரிக்கை. நடுக்கம் கண்டவுடன் அமர்ந்துவிட வேண்டும். பிறகு ஊன்றுகோல் ஒன்றுடன், கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி, உடலைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிச் சிறு அடிகளாக இறங்கினால் முழங்காலுக்கு ஆறுதல் கிடைக்கும். ஏறுவதற்கு நான்கு மணித்தியாலம் எடுத்தவர், இறங்கவும் அதே அளவு நேரத்தை ஒதுக்கிக்கொள்வது நல்லது.

உச்சியில் மூச்சு முட்டினால் காற்று மெலிந்துவிட்டது என்று பலர் சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் தலைகாட்டும். ஆகவே இம்மலையில் நெஞ்சு இறுகினாலோ, வலி தோளுக்கோ தாடைக்கோ பரவினாலோ, குளிரிலும் வியர்த்துக் கொட்டினாலோ, உயரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தொடர்ந்து ஏறக் கூடாது. அது இருதயத்தின் முறைப்பாடாக இருக்கக்கூடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்பியுலன்ஸ் வரும் என்பது உண்மையே. ஆயினும் அது தெரு முடியும் இடம் வரைதான் வரும். அதற்கு மேல் நோயாளியை மனிதர்களே படிப்படியாகச் சுமந்து இறக்க வேண்டும் என்பதை நினைவிற்கொண்டால், எந்த இடத்தில் திரும்புவது என்ற முடிவை எவரும் தாமதிக்கமாட்டார்கள்.

விரதமிருந்து ஏறும் நீரிழிவு நோயாளிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழக்கமான மாத்திரையையோ இன்சுலினையோ எடுத்துவிட்டு, உண்ணாமல் பல மணித்தியாலம் படியேறினால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். புறப்படுவதற்கு முன் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்வதும், சட்டைப் பையில் குளுக்கோசோ இனிப்போ வைத்திருப்பதும், உடன் வருபவர்களிடம் நோயை மறைக்காமல் சொல்லிவிடுவதும் அவசியம். அத்தகையோர் விரதத்தைத் தளர்த்திக்கொள்வதை எந்தத் தெய்வமும் குற்றமாகக் கொள்ளாது என்றே நான் நம்புகிறேன்.

குளிரைக் கொழும்பில் இருந்துகொண்டு மதிப்பிட முடியாது. ஆயிரம் மீற்றர் ஏறும்போது வெப்பநிலை ஆறு பாகை அளவில் குறைவதால், இங்கு இரவில் 23 பாகையாக இருக்கும்போது உச்சியில் 10 பாகையை ஒட்டியே இருக்கும்; காற்று வீசினால் உடலுக்கு அதைவிடக் குளிராகத் தெரியும். நேரத்தோடு மேலே சென்றுவிட்டு, வியர்வையில் ஊறிய பருத்திச் சட்டையுடன் சூரியோதயத்துக்காக ஒரு மணித்தியாலம் காத்திருப்பவர்களே அதிகம் அவதிப்படுகிறார்கள். உலர்ந்த சட்டையொன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்று, உச்சியை அடைந்ததும் மாற்றிக்கொண்டு, அதன்மேல் கம்பளிச் சட்டையை அணிய வேண்டும். நடுங்கிக்கொண்டிருந்த ஒருவருக்கு நாக்குக் குழறத் தொடங்கினால் உடனே காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் களைந்து, உடலைச் சூடாக்க வேண்டும். சுற்றிய பொலித்தீனை மலையில் போட்டுவிட்டு வரக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

யாத்திரைக் காலம் முடிந்த பின் படிகளில் மின்விளக்குகள் எரிவதில்லை, தேநீர்க் கடைகளும் மூடப்பட்டுவிடும். தென்மேல் பருவமழையும் அப்போதுதான். கூட்டமில்லாத மலையைத் தேடி அந்நாட்களில் செல்லும் இளைஞர்கள், டோர்ச் லைட்டும் மாற்று பட்டரியும் இன்றி, எவரிடமும் சொல்லாமல் தனியாக ஏறுவது வேண்டாம்.

பயண ஏற்பாட்டாளர்களிடம் எனது வேண்டுகோள் ஒன்றே. நல்லதண்ணியிலோ மஸ்கெலியாவிலோ ஒரு பகல் தங்கி இளைப்பாறி, அன்றிரவு ஏறி, மறுநாள் மாலையில் திரும்பும் வகையில் பயணத்தை அமையுங்கள். வான் புறப்படும் நேரத்தைக் குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் காலுக்கு ஏற்பக் குறியுங்கள். ஆசிரியர் அவர்களே, தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நுவரெலியா, இரத்தினபுரி மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளையும் அப்பகுதிகளின் மழை முன்னறிவிப்பையும், வெள்ளிக்கிழமைகளிலும் போயா தினத்துக்கு முதல் நாளிலும் பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியிட்டால், வானில் ஏறுவதற்கு முன்பே குடும்பங்கள் அதைப் பார்த்து முடிவெடுக்க வழி பிறக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு – 06