டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா: தோப்புப் பாதையில் வண்டி ஓட்டும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பழைய யமஹா ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக் பைக்குகளைக் காட்டுப் பாதைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் வேலையை இந்த மாதத்தோடு நிறுத்துகிறோம். மூலக்கடையில் பட்டறை திறந்த நாளிலிருந்து டூ ஸ்ட்ரோக் வண்டிகளால் பேர் வாங்கியவன் நான். “அண்ணனே ஆர்எக்ஸ் வேண்டாம் என்கிறாரா?” என்று சிலர் தொலைபேசியில் கேட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு வண்டியையே எடுத்துப் போய்விட்டார். வருகிற ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிக்கொண்டிருந்தால் கையில் ஸ்பேனர் பிடிக்க நேரம் இருக்காது. அதனால் இந்த மடல்.

என் மனம் எந்தப் பக்கம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வயதில் ஜிஎன்டி சாலையில் பஸ் ஏறி சோழவரம் பந்தயம் பார்க்கப் போனவன் நான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் அன்று மோட்டார் பந்தயம் நடந்தது. வண்டிகள் கடந்துபோன பிறகும் காற்றில் விளக்கெண்ணெய் வாசனை நிற்கும். பந்தய இன்ஜின்களுக்கு ஆமணக்கு எண்ணெயில் செய்த ஆயில் ஊற்றுகிறவர்கள் அப்போது இருந்தார்கள். வீட்டில் அம்மா விளக்கெண்ணெய்க் கரண்டியோடு வந்தால் தெருமுனைவரை ஓடுகிற பையன், சோழவரத்தில் அதே வாசனையை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு நின்றேன். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுக் களம் வந்தது, சோழவரம் ஓய்ந்தது. எனக்கு அந்தப் பைத்தியம் தெளியவில்லை. ஆகவே டூ ஸ்ட்ரோக்கைக் குறைத்துப் பேசும் ஆசை எனக்குக் கிடையாது.

டூ ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் டூ ஸ்ட்ரோக்கில் இல்லை. சிலிண்டர் சுவரில் இருக்கும் வாசல்களைப் பிஸ்டனே மேலும் கீழும் போய்த் திறந்து மூடுகிறது. பாகம் குறைவு, எடை குறைவு, இழுவை அதிகம். அமெரிக்க மோட்டோகிராஸ் பந்தயத்தில் 125 சிசி டூ ஸ்ட்ரோக்கும் 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக்கும் ஒரே வகுப்பில் ஓட அனுமதித்தார்கள் என்றால் கணக்கு உங்களுக்கே விளங்கும்.

தோப்பில் வண்டி ஓட்டுவதில் பாதி ஓட்டுவது, பாதி விழுந்த வண்டியைத் தூக்குவது. சாலையில் மட்டும் ஓட்டியவர்களுக்கு இது புரிய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆர்எக்ஸ் 100 நூறு கிலோவைச் சற்றுத் தாண்டும். ஹீரோவின் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்பல்ஸ் 200 நான்கு வால்வு வண்டி ஏறத்தாழ 158 கிலோ. நம் திருவொற்றியூரில் ஆலை போட்டு வளர்ந்த என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 இருநூறு கிலோவை நெருங்கும். மீஞ்சூருக்கு அப்பால் சவுக்குத் தோப்பு மணலில், ஏப்ரல் மாத வெயிலில், மூன்றாவது முறை விழுந்த ஹிமாலயனைத் தனியாளாக நிமிர்த்திப் பார்த்தவர் எவரும் எடையை வெறும் எண்ணாகப் பார்க்க மாட்டார். எடை மட்டுமே அளவுகோல் என்றால் இந்த மடலை இங்கேயே முடித்து, எல்லோரும் ஆர்எக்ஸ் வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன்.

வெள்ளத்திலும் டூ ஸ்ட்ரோக்குக்கே என் ஓட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்துபோன வாரம் எங்கள் பட்டறை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். மூழ்கிய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் ஆயில் அடைப்பைத் திறந்தால் பால் கலந்த டீ போல வந்தது. அந்த ஆயில்தான் கிராங்குக்கும் கேமுக்கும் கியருக்கும் போவது. பொறுமையில்லாமல் செல்ஃப் அழுத்திய இருவருக்குக் கனெக்டிங் ராடே வளைந்துவிட்டது. தண்ணீரைப் பிஸ்டன் நசுக்க முடியாது அல்லவா? மூழ்கிய பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளையோ பிளக்கைக் கழற்றி, கிக்கரை மிதித்துத் தண்ணீரைத் துப்பவைத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் காயவைத்து அன்று மாலையே ஓட்டி அனுப்பினோம். தண்ணீரோடு நான்கு நாள் நின்றிருந்தால் கிராங்க் பேரிங் துருப்பிடித்திருக்கும் என்பது வேறு கதை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் நிறுத்துகிறேன்?

காரணம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் இருபது விழுக்காடு எத்தனால். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால், பழைய அளவில் கார்புரேட்டரை வைத்தால் கலவையில் பெட்ரோல் போதாமல் போகிறது. பெட்ரோல் குறைந்த கலவை அதிகச் சூட்டில் எரியும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அடியில் ஆயில் நிரம்பிச் சுற்றி வந்து கொஞ்சம் சூட்டை எடுத்துப் போகும். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கிடைப்பது பெட்ரோலோடு சேர்ந்து வரும், டூ ஸ்ட்ரோக்குக்கென்றே விற்கும் டூ டி ஆயில் மட்டும். பெட்ரோல் போதாமல் சூடு கூடினால், அதைத் தணிக்க வேறு ஆயில் கிடையாது. அதோடு சவுக்குத் தோப்பில் முதல் கியரில், ஹாஃப் கிளட்சில், மணலை உழுதுகொண்டு போகிறீர்கள். முகத்தில் காற்றே படாது, காற்றில் குளிரும் இன்ஜினுக்கும் படாது. பிஸ்டன் பெருத்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ள இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

போன ஆண்டு எங்கள் கையால் மாற்றிய ஒரு வண்டி ஒரே கோடையில் மூன்று முறை பிடித்துக்கொண்டது. முதல் முறை ஓட்டியவரைக் குறை சொன்னேன். இரண்டாம் முறை கடையில் வாங்கிய போலி பிஸ்டனைக் குறை சொன்னேன். மூன்றாம் முறை சிலிண்டரைப் பிரித்து மேசையில் வைத்துப் பார்த்தபோது குறை என்னிடம்தான் என்று தெரிந்தது. முப்பது ஆண்டு பழக்கத்தில், காதால் கேட்டு கார்புரேட்டரைச் சரிசெய்திருக்கிறேன். பெட்ரோல் மாறிவிட்டதை என் காது அறியவில்லை. சிலிண்டரைக் கடைந்து சரிசெய்த செலவு முழுவதையும் பட்டறையே ஏற்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டு இப்போது அந்த வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் அவர் அதைத் தோப்புக்கு எடுத்துப் போவதில்லை.

எத்தனாலுக்கு இன்னொரு கெட்ட குணம், ஈரத்தை உறிஞ்சும். எண்ணூர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மாதம் ஒருமுறை தோப்புக்குப் போகும் வண்டியில் பெட்ரோலை அப்படியே விட்டுவைத்தால் கார்புரேட்டர் அடியில் தண்ணீர் தங்கி உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்களும் ஊறிப் பெருத்துவிடுகின்றன. 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டிகளை இந்தப் பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு செய்கிறார்கள்.

இரண்டாவது காரணம், மாற்றுகிறோம் என்ற பெயரில் நாங்கள் செய்யும் வேலை. வாடிக்கையாளர் முதலில் கேட்பது வயிறு பெருத்த சைலன்சர். அது வெறும் சத்தக் குழாய் இல்லை. வெளியே பாயும் புகையின் அலை அந்தக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடப்பார்க்கும் புதுப் பெட்ரோலைத் திரும்பவும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அழகான ஏற்பாடு. ஆனால் அந்த அலை சரியான நேரத்தில் வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும். அதற்குக் கீழே வண்டி தூங்கும், அதைத் தொட்டதும் பாயும். சவுக்கு வரிசைகளுக்கு நடுவே கைப்பிடிக்கு இருபுறமும் ஒரு சாண் இடம் இருந்தால் அதிகம். அங்கே பாய்ந்தால் மரத்தில்தான் போய் நிற்க வேண்டும். சைலன்சர் ஒரு கல்லில் இடித்துக் குழிந்தால் அலைக்கணக்கும் கெட்டுவிடும். கம்பெனி போட்ட சைலன்சரோடு ஆர்எக்ஸ் கீழ் வேகத்தில் எவ்வளவு இதமாக இழுக்கும் என்பதை மறந்துவிட்டு அதைக் கழற்றி எறிகிறோம்.

இன்னும் ஒன்று. ஆர்எக்ஸ் 100 வந்தது 1985-இல், நின்றது 1996-இல். கடைசியாக வந்த வண்டிக்கே முப்பது வயது. அது சாலைக்குப் பிறந்த வண்டி. முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும் வேர்களையும் பள்ளங்களையும் நினைத்துச் செய்தவை அல்ல. நல்ல நிலையில் மிச்சம் இருப்பதை அறுத்து, ஒட்டவைத்து, தோப்பில் உடைப்பதற்கு எனக்கு இனி மனம் வரவில்லை.

அப்படியானால் காட்டுக்கென்றே செய்த புது டூ ஸ்ட்ரோக்? உலகத்தில் அவைதான் ராஜா. ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் என்ற இரும்புச் சுரங்க மலையில் 1995 முதல் நடக்கும் பந்தயத்தில் அண்மை ஆண்டுகளில் வென்றவை பெரும்பாலும் 300 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகள். யமஹாவின் ஒய்இசட் 400 எஃப் என்ற ஃபோர் ஸ்ட்ரோக் பந்தய வண்டி 1998-இல் வந்தபோது டூ ஸ்ட்ரோக்கின் காலம் முடிந்தது என்றார்கள். 2017-இல் கேடிஎம் பெட்ரோலை ஊசி வழியே செலுத்தும் டூ ஸ்ட்ரோக் காட்டு வண்டிகளை அறிவித்தது. நூற்றைந்து கிலோவுக்கு அக்கம்பக்கம், செல்ஃப் ஸ்டார்ட், மலையாட்டைப் போல் ஏறும். நம் ஊரில் சிக்கல் என்னவென்றால், அந்த வகை வண்டிகளுக்குச் சாலைப் பதிவு கிடையாது. மினி லாரியில் ஏற்றி இடத்துக்குக் கொண்டுபோய் இறக்கி, திரும்ப ஏற்றி வர வேண்டும். வசதியும் சொந்த நிலமும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள், பிஸ்டன் மாற்றும் வேலையை மகிழ்ச்சியோடு செய்து தருகிறேன். ஆனால் அதே நிறுவனங்களின் பந்தய ஃபோர் ஸ்ட்ரோக்கை, ஃபோர் ஸ்ட்ரோக் என்றாலே நிதானம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். அவற்றின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் எண்ணுவதில்லை, ஓடிய மணிக்கணக்கில் எண்ணுவார்கள். வால்வு வேலை வந்தால் டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் செலவு பிச்சைக்காசு.

மிச்சம் இருப்பது சாலைப் பதிவோடு வரும் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக். கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு எக்ஸ்பல்ஸைத்தான் சொல்கிறேன். கவாசாகி கேஎல்எக்ஸ் 230 எடை குறைவு. இருக்கை உயரத்துக்குக் கால் எட்டுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இவற்றில் வேகம் வராது என்று இளைஞர்கள் முகம் சுளிக்கிறார்கள். தோப்புக்கு வேகம் எதற்கு? சவுக்கு இலை மெத்தை போல மூடிய மணலில், இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தால் வண்டி தடதடவென்று தானாகப் போகும். நாகலாபுரம் பக்கம் மலைச் சரிவில் இறங்கும்போது இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு, ஆக்சிலேட்டரை மூடி நீண்ட சரிவில் இறங்கினால் ஆயிலும் குறைவாகத்தான் போகும். பழைய வண்டியில் இறங்குகிறவர்கள் இடையிடையே கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள்.

எடைக்கு என்ன வழி என்றால், முதல் ஆண்டு தனியாகப் போகாதீர்கள். அடிப்பகுதிக்குத் தகடு, கைகளுக்குக் காப்பு, கட்டை வைத்த டயர், பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூடுதல், இவ்வளவுதான் பட்டறையில் செய்வோம். மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.

காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம், எத்தனை ஸ்ட்ரோக் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். சொந்தத் தோப்புக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். கடற்கரை மணல் மேட்டில் ஏற்ற வேண்டாம். ஜனவரி முதல் அங்கே ஆமை முட்டையிட வரும். போன மாதம் தோப்பு உரிமையாளர் ஒருவர் நம் ஆட்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் வயிறு பெருத்த சைலன்சரின் சத்தம், அவருடைய கறவை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியிருக்கின்றன.

ஆர்எக்ஸ் மாற்று வேலைக்கு முன்பணம் கட்டியிருப்பவர்கள் ரசீதைக் கொண்டுவந்து முழுத்தொகையையும் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதே பணத்தில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புதுப் பெட்ரோலுக்கு ஏற்ற ஜெட் போட்டுத் தரவும் சம்மதம். சாலையில் ஓட்ட அது இன்னும் பல ஆண்டு வரும். செவ்வாய்க்கிழமை விடுமுறை. எக்ஸ்பல்ஸ் ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பட்டறைக்கு வாருங்கள், மீஞ்சூர் வரை சேர்ந்து போகலாம். நான் என் ஆர்எக்ஸில் வருவேன். அது விற்பனைக்கு இல்லை, தோப்பு வாசலில் நிறுத்திவிட்டு நடந்து வருவேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
மூலக்கடை, வட சென்னை