முதல் தேர்தலில் நம் ஊர் ஓட்டுப் போட்ட கட்டடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர்ப் படிப்பகத்தின் கூரை இன்னொரு ஐப்பசி மழையைத் தாங்காது என்று ஆசாரி சொல்லிவிட்டார். கைமரத்தில் பாதிக்கு மேல் செல்லரித்துவிட்டது. போன மழையில் வடக்குச் சுவரோரம் ஒழுகி, மூன்று அலமாரிப் புத்தகங்களை நடுக்கூடத்துக்கு நகர்த்தினோம். இடித்துவிட்டுக் காங்கிரீட் போடலாமே என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று குழுவில் ஒருமனதாக முடிவெடுத்தோம். அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கட்டடம் முன்பு ஆரம்பப் பள்ளி. 1952 ஜனவரியில், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில், நம் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டது இதே கூடத்தில்தான். சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்தே நடந்த தேர்தல் அது. 21 வயது நிரம்பிய எல்லோருக்கும் ஓட்டு. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு இருந்தது. நம் பாட்டன்மாரில் பலருக்கு அந்த மூன்றும் கிடையாது. நில உரிமையாளரும் அவர் வயலில் நாற்று நட்டவரும் ஒரே வரிசையில் நின்றது இந்த ஊரில் அன்றுதான் முதல் தடவை.

நாடு முழுக்க 17 கோடிப் பேருக்கு மேல் வாக்காளர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் 18 பேர்தான். இவர்களை வைத்துத் தேர்தலா என்று உள்ளூரிலும் வெளிநாட்டிலும் சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டிமேல் அவருடைய சின்னம். இரட்டைக் காளை, கதிர் அரிவாள், ஆலமரம், குடிசை. முத்திரை குத்த வேண்டாம், எழுத வேண்டாம். மறைப்புக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். இப்படி 20 லட்சத்துக்கும் மேல் பெட்டிகள் தேவைப்பட்டன. 1951 அக்டோபரில் இமாசலத்தில் தொடங்கிய வாக்குப்பதிவு 1952 பிப்ரவரி வரை நடந்தது.

பெண்கள் கதை தனி. வடக்கே பல லட்சம் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் மகள் என்றே பதிந்ததால், சுமார் 28 லட்சம் பேர் பட்டியலில் இடம்பெறாமல் போனார்கள். நம் ஊரில் சிக்கல் நேர்மாறானது. தொண்ணூற்றைந்தைத் தாண்டிய நம் கீழத்தெரு அப்பத்தா போன மாதம் எங்களிடம் சொன்னது இது: பட்டியல் எழுத வந்தவரிடம் தன் பெயரைச் சொல்லிவிட்டார். புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வது? வாசலுக்கு வந்து சூரியனைக் கையால் காட்டினாராம். எழுத வந்தவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாராம். ஓட்டன்று விரலில் வைத்த மையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை என்று இப்போதும் இடதுகை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டுகிறார். அன்று ஓட்டுப் போட்டவர்களில் நம் ஊரில் இன்று இருப்பது அவரும் இன்னும் இரண்டு பேரும்தான்.

அன்றைய சென்னை மாநிலத்தில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் காங்கிரசுக்கு 152. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே மதுரையில் வென்றார். கேள்வி கேட்காமல் ஒரே பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டுப் போன ஜனம் அல்ல இது.

அன்றைய தலைமையாசிரியர் வீட்டார் அந்த வருஷத்து நோட்டீஸ்கள் ஒரு கட்டும், வாக்காளர் பட்டியலின் சில தாள்களும் கொடுத்திருக்கிறார்கள். தாள் தொட்டாலே உதிர்கிறது. மூலையில் பூச்சி அரித்த ஓட்டைகள். ஆனால் பெயர்களைப் படிக்க முடிகிறது. உங்கள் கொள்ளுப்பாட்டி பெயர்கூட அதில் இருக்கலாம்.

சரி, செலவுக்கு வருவோம். கைமரமும் சட்டமும் மாற்றிச் சீமை ஓடு வேய ரூ. 3,90,000. வயரிங், சுவர்ப் பூச்சு, வெள்ளையடிக்க ரூ. 1,30,000. தாள்களை ஸ்கேன் செய்து, கண்ணாடிப் பேழையில் வைத்து, மூன்று முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, அந்தக் காலத்து வாக்குச்சாவடி போலக் கூடத்தின் ஒரு மூலையை அமைக்க ரூ. 1,60,000. ஆக மொத்தம் ரூ. 6,80,000. இதுவரை ரூ. 2,45,000 சேர்ந்திருக்கிறது. இதில் கணிசமான பகுதி நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஐம்பதும் நூறுமாகக் கொடுத்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் தேவை ரூ. 4,35,000.

ஆடி முடிவதற்குள் பணம் சேர்ந்தால் ஆவணியில் வேலை தொடங்கி, மழைக்கு முன் ஓடு போட்டுவிடலாம். ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று, அப்பத்தா கையால் கூடத்தைத் திறக்க ஆசைப்படுகிறோம். அவர் வயதை நினைத்தால் ஒரு வருஷம் தள்ளிப்போட மனம் வரவில்லை.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பழைய தேக்குச் சட்டம், ஓடு, இரண்டு நாள் கொத்து வேலை, எதுவானாலும் சரி. வெளியூரில் இருப்பவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் கொடுத்தனுப்பலாம். மாலை 5 முதல் 8 மணி வரை படிப்பகத்தில் பொருளாளர் இருப்பார். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் வாசல் பலகையில் எழுதப்படும். அப்புறம், வீட்டுப் பரணில் பழைய நோட்டீஸோ போட்டோவோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாமல் எங்களிடம் காட்டுங்கள். பிரதி எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இப்படிக்கு,
படிப்பகச் சீரமைப்புக் குழுவினர்